ஹெரோனின் பந்தும் நான் மறைத்தவையும்

கிரேக்கர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலை செய்ய அடிமைகள் இருந்ததால் அதை விளையாட்டுச் சாமானாக ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்காமல் இருந்திருந்தால் ஏசு காலத்திலேயே ரயில் ஓடியிருக்கும்.

இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவன் நான். வகுப்பறையில் சொன்னேன், நூலக வாசகர் வட்டங்களில் சொன்னேன், சிறுவர்களுக்கான அறிவியல் கட்டுரைகளில் எழுதினேன். இது சரியல்ல. சரியல்ல என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து சொன்னேன். தெரியாமல் செய்த பிழையாக இருந்தால் ஒரு திருத்தக் குறிப்போடு முடிந்திருக்கும். தெரிந்தே செய்ததால், எதை மறைத்தேன், எப்படி மறைத்தேன், ஏன் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொல்பவன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்ததில் இந்தக் கிரேக்கக் கதைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கதையை நான் சொல்லும் முறை இதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் ஹெரோன் என்ற கிரேக்கப் பொறியாளர் இருந்தார். மூடிய கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் ஆவியைக் குழாய் வழியாக ஓர் உலோகப் பந்துக்குள் ஏற்றினார். பந்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக வளைந்த இரண்டு சிறு குழாய்கள். ஆவி அவற்றின் வழியே சீறிக்கொண்டு வெளியேற, பந்து சுழன்றது. பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானாகத் திறக்கும் அமைப்பையும், காசு போட்டால் புனித நீர் ஊற்றும் பெட்டியையும் விவரித்தவர் அவர். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஊரில், முடிதிருத்துபவரின் மகனான டெசிபியஸ் என்பவர் சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் வைத்து ஒரு தண்ணீர்ப் பம்பு செய்துவிட்டார். 1901இல் ஆன்டிகிதெரா தீவின் அருகே கடலுக்கடியிலிருந்து எடுத்த வெண்கலக் கருவியில் 30 பற்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. சிலிண்டர் இருந்தது, பிஸ்டன் இருந்தது, பற்சக்கரம் இருந்தது, நீராவி இருந்தது. பிறகு ஏன் தொழிற்புரட்சி வரவில்லை?

இந்த இடத்தில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு, “அடிமைகள் இருந்தார்கள்” என்று சொல்வேன். கூட்டம் அப்படியே கட்டுண்டு கிடக்கும். உழைப்பை இழிவாக நினைத்த சமூகம் தன் எதிர்காலத்தைத் தானே கொன்றுவிட்டது என்று முடிப்பேன். கைதட்டல் நிச்சயம்.

இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது நான் ஹெரோனின் நூலைப் படித்திருக்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பத்திகளைத்தான் படித்திருந்தேன். அடிமைமுறை புதிய எந்திரங்களுக்கான தேவையையே மழுங்கடித்தது என்ற கருத்தை, பண்டைய பொருளாதார வரலாற்றின் பெரிய அறிஞரான மோசஸ் ஃபின்லி 1965இல் எழுதிய ஒரு கட்டுரை பலமாக முன்வைத்தது. அதன் சாரத்தை எங்கேயோ வாசித்து, அவர் வைத்த நிபந்தனைகளையெல்லாம் உதறிவிட்டு, ஒற்றை வரியாக ஆக்கிக்கொண்டேன்.

பிறகொரு நாள் ஹெரோனின் ‘நியூமாட்டிகா’ கைக்கு வந்தது. 1851இல் லண்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு. நான் உலகத்தையே மாற்றியிருக்கக்கூடிய கண்டுபிடிப்பு என்று முழங்கிய அந்தப் பந்து, அந்தப் பதிப்பில் 78 கருவிகளுக்கு நடுவே 50ஆவதாக, ஒரே பத்தியில் வந்து போகிறது. அதற்கு முன்னும் பின்னும் சீழ்க்கையடிக்கும் பறவைகள், தானாக நிரம்பும் கோப்பைகள், ஒரே குடத்திலிருந்து மதுவும் நீரும் மாறி மாறி ஊற்றும் வித்தைகள். பந்தால் எதையாவது ஓட்டலாம் என்ற எண்ணத்தின் சாயல்கூட அங்கே இல்லை. காற்றும் நீரும் ஆவியும் எப்படி நடந்துகொள்கின்றன என்று காட்டும் நூல் அது. அந்த அளவில் அருமையான நூல்.

கோயில் கதவு விஷயத்தில் எனக்கு இன்னும் பெரிய அடி. ஹெரோன் விவரிப்பது ஒரு சிறு கோயில் மாதிரியை. முழு அளவில் ஒரு நிஜக் கோயிலில் அப்படியொரு கதவு இருந்ததென்று அவர் சொல்லவில்லை. நானோ, அலெக்சாந்திரியாவின் பூசாரிகள் இந்தக் கருவியை வைத்துப் பக்தர்களை ஏமாற்றினார்கள் என்று மேடையில் சொல்லிவந்தேன். அந்த வரிக்குத்தான் எப்போதும் அதிகக் கைதட்டல். நூலைப் படித்த பிறகு நான் செய்தது இதுதான்: ‘பூசாரிகள் ஏமாற்றினார்கள்’ என்பதை ‘ஏமாற்றியிருக்கலாம்’ என்று மாற்றினேன். குரலை மட்டும் மாற்றவில்லை. கேட்டவர்கள் ‘ஏமாற்றினார்கள்’ என்றே எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய குற்றம் ஆய்வுக்கூடத்தில் நடந்தது.

ஹெரோனின் பந்துக்கு ஓர் எளிய மாதிரி செய்து வைத்திருந்தேன். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்குமே, அந்தச் செம்புப் பந்து. அதில் இரண்டு துளை போட்டு, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய மெல்லிய செம்புக் குழாயை எதிரெதிராக வளைத்துப் பற்றவைத்தோம். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் சுழலும் கொக்கியில் தொங்கவிட்டு, கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் சில நிமிடங்களில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். முதலில் தயங்கித் தயங்கி ஆடும். பிறகு சுழலும். சுழல்வது தெரியாத அளவுக்கு வேகம் பிடிக்கும். பிள்ளைகள் முகத்தில் அப்போது வரும் வெளிச்சத்துக்கு ஈடே கிடையாது.

ஒரு சாயங்காலம், ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாதபோது, அதற்கு வேலை கொடுத்துப் பார்த்தேன். பந்தின் கழுத்தில் ஒரு நூலைச் சுற்றி, நூலை ஒரு தையல் எந்திர பாபின் மேல் போட்டு, மறுமுனையில் ஓர் இரும்பு நட்டைக் கட்டினேன். விளக்கை ஏற்றினேன். ஆவி வந்தது. பந்து கால் சுற்று திரும்பியது, நூல் இறுகியது, நின்றுவிட்டது. இரண்டு குழாயிலிருந்தும் ஆவி பீறிட்டுக்கொண்டே இருந்தது. நட்டு தரையைவிட்டு எழவில்லை. நூலை அறுத்துவிட்டேன். பந்து மறுபடி அழகாகச் சுழன்றது.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், இது எதையாவது தூக்குமா சார்?” என்று கேட்டாள்.

என் ஆசிரிய வாழ்க்கையில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்விகளில் ஒன்று அது. பதில் எனக்குத் தெரியும். நூலும் நட்டும் அதே அறையின் அலமாரியில்தான் இருந்தன. எடுத்துக் கட்டிக் காட்டியிருந்தால் வேலை, ஆற்றல், உராய்வு, திறன் என்று நான்கு பாடங்கள் அங்கேயே நடந்திருக்கும். “அவங்களுக்குத் தூக்கற வேலைக்கு அடிமைங்க இருந்தாங்கம்மா, அதனால யாரும் அதை யோசிக்கலை” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இயற்பியலில் கேட்ட கேள்விக்கு வரலாற்றால் வாயடைத்தேன், அதுவும் தவறான வரலாற்றால். அந்தப் பதிலைச் சொல்லும்போதே அது ஏமாற்று என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. அந்தப் பந்து வேகமாகச் சுழலும், ஆனால் அதன் முறுக்குவிசை மிக அற்பம். குழாய் முனையிலிருந்து வெளியேறும் ஆவி விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் போகிறது. பந்தின் விளிம்போ அந்த வேகத்தில் ஒரு சிறு பங்கில்தான் ஓடுகிறது. ஆகவே தீயிலிருந்து கிடைத்த ஆற்றலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆவி தன்னோடு காற்றில் கொண்டுபோய்விடுகிறது. ஜே.ஜி. லேண்டல்ஸ் என்ற ஆங்கில அறிஞர் ஹெரோனின் விவரிப்பை ஒட்டி ஒரு மாதிரி செய்து பார்த்தார். குறைந்த அழுத்தத்திலேயே அது நிமிடத்துக்கு 1,500 சுற்றுவரை சுழன்றது. கூடவே ஒரு தீராத சிக்கலும் தெரிந்தது. நிலையாக நிற்கும் குழாயும் சுழலும் பந்தும் சேரும் மூட்டை இறுக்கினால் உராய்வு பந்தை நிறுத்துகிறது. தளர்த்தினால் ஆவி அங்கேயே கசிந்து வீணாகிறது. ஒரு ஆள் சுலபமாகச் செய்துவிடும் வேலையை அதை வைத்துச் செய்ய, விறகு வெட்டிச் சுமந்து போடுவதற்கே பல ஆட்கள் வேண்டும். எகிப்திலோ விறகு அரிய பொருள்.

ஹெரோன் பயன்படுத்திய தத்துவம் பிற்காலத்தில் எந்திரமானது உண்மைதான். சீறும் ஆவியின் வேகத்திலிருந்து சுழற்சியைப் பெறும் நீராவி டர்பைனை 1884இல் சார்லஸ் பார்சன்ஸ் வெற்றிகரமாகச் செய்தார். அவருடைய முதல் டர்பைன் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழன்று 7.5 கிலோவாட் மின்சாரம் தந்தது. அந்த வேகத்தைத் தாங்கும் எஃகும், அந்த நுட்பத்தில் கடைசல் பிடிக்கும் பட்டறைகளும் வந்த பிறகுதான் அது கைகூடியது. அதாவது டர்பைன் தொழிற்புரட்சியின் பிள்ளை. அதைத் தொழிற்புரட்சியின் தாயாக்கிக் காட்டினேன் நான்.

தொழிற்புரட்சியைத் தொடங்கிவைத்த எந்திரத்துக்கு ஹெரோனின் பந்தோடு உறவே இல்லை. அது வேறு வழியில் வந்தது. 1643இல் இத்தாலியின் டோரிசெல்லி, பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். 1650களில் ஜெர்மனியின் ஓட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளேயிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார். பிரிக்க முடியவில்லை. 1690இல் டெனி பாப்பின், ஒரு சிறு சிலிண்டருக்குள் ஆவியை நிரப்பிக் குளிரவைத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும் என்று செய்து காட்டினார். 1712இல் தாமஸ் நியூகமன் இங்கிலாந்தின் டட்லி கோட்டை அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அதைப் பெரிய அளவில் நிறுத்தினார். அந்த எந்திரத்தில் ஆவி தள்ளவில்லை. ஆவி குளிர்ந்து வெற்றிடமாக, தள்ளியது நம்மைச் சுற்றியிருக்கும் காற்று.

இங்கேதான் கிரேக்கர்கள் எவ்வளவு அருகில் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பது தெரிகிறது. நான் மறைக்காமல் சொல்லியிருந்தால் என் கட்டுக்கதையைவிட இது எத்தனையோ மடங்கு சுவாரசியமாக இருந்திருக்கும். ‘நியூமாட்டிகா’வின் முன்னுரையிலேயே ஹெரோன் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுகிறார். குறுகிய வாயுள்ள லேசான பாத்திரத்தை உதட்டில் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் பாத்திரம் உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கும் என்கிறார். பார்த்தது சரி. காரணம் சொன்ன இடத்தில்தான் வழி பிரிகிறது. வெற்றிடம் சதையை உள்ளே இழுக்கிறது என்றார் அவர். வெளிக்காற்று தள்ளுகிறது என்று சொல்ல இன்னும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின. சிலிண்டரும் பிஸ்டனும் டெசிபியஸ் காலத்திலிருந்தே இருந்தன. பெரிய வெண்கலச் சிலைகளை வார்த்தவர்களுக்கு, நியூகமனின் முதல் எந்திரத்தில் இருந்த 21 அங்குலப் பித்தளைச் சிலிண்டரை வார்ப்பது எட்டாத வேலையும் அல்ல. கைத்திறன் குறைந்து அவர்கள் தோற்கவில்லை.

அறிவு கிடைத்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நியூகமன் பல்கலைக்கழக அறிஞர் அல்லர். டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. அக்கம்பக்கத்துத் தகரச் சுரங்கங்களோடு அவருக்குத் தொழில் தொடர்பு இருந்தது. சுரங்கத்தில் தண்ணீர் ஊறி வேலை நிற்பதும், குதிரைகளை வைத்து இறைத்துக் கட்டுப்படியாகாமல் முதலாளிகள் தவிப்பதும் அவர் கண்முன் நடந்தது. உடனிருந்தவர் ஜான் காலி என்ற பட்டறைக்காரர். பிஸ்டனைச் சுற்றித் தோலை வைத்து, மேலே தண்ணீரை ஊற்றி இடைவெளியை அடைத்தார்கள். உள்ளே நேரடியாகக் குளிர்ந்த நீரைப் பீய்ச்சும் முறை, ஈயப்பற்றில் விழுந்த ஓட்டையால் தற்செயலாகப் பிடிபட்டது என்று அந்த எந்திரங்களோடு பழகிய ஸ்வீடன்காரர் மார்ட்டின் ட்ரீவால்ட் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த எந்திரம் நிமிடத்துக்கு 12 முறை இயங்கி, ஒவ்வொரு முறையும் சுமார் 45 லிட்டர் தண்ணீரை 46 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றியது. தின்ற நிலக்கரியின் ஆற்றலில் 1 சதவீதம்கூட வேலையாகத் திரும்பவில்லை. இவ்வளவு வீண் பண்ணும் எந்திரத்தை யார் வாங்குவார்கள்? நிலக்கரிச் சுரங்கக்காரர்தான் வாங்குவார். விலைபோகாத கரித்தூள் அவர் சுரங்கவாசலில் மலையாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டன் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி தோண்டிக்கொண்டிருந்தது. விறகு விலை ஏறி, லண்டனின் அடுப்பெல்லாம் கரிக்கு மாறி, மேலாகக் கிடந்த கரி தீர்ந்து, சுரங்கங்கள் ஆழமாகி, ஆழத்தில் நீர் ஊறியது. திறமை குறைந்த எந்திரம் பிழைத்து வளர இடம் கொடுத்த ஒரே சூழல் அதுதான். அறுபது எழுபது ஆண்டுகள் அந்த வாசலில் நின்று இறைத்த பிறகே ஜேம்ஸ் வாட் அதைச் செம்மைப்படுத்தினார். வாட்டுக்கும் 1769இல் காப்புரிமை கிடைத்ததே தவிர, சரியான வட்டத்தில் சிலிண்டர் கடைந்து தர ஆள் கிடைக்கவில்லை. பீரங்கிக் குழல் குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் செய்த குடைவு எந்திரம் வந்த பிறகே அவருடைய எந்திரம் சந்தைக்குப் போனது. அலெக்சாந்திரியாவில் நிலக்கரியும் இல்லை, நீர் ஊறும் கரிச்சுரங்கமும் இல்லை, கரித்தூளை வீசியெறியும் முதலாளியும் இல்லை. ஹெரோனிடம் யாராவது நியூகமனின் வரைபடத்தையே கொடுத்திருந்தாலும், அதை ஓட்டி லாபம் பார்க்கும் இடம் அவருக்கு அமைந்திருக்காது.

இனி அடிமைகள் விஷயம். என் கதையின் உயிரே அதில்தான் இருந்தது. நான் அதிகம் மறைத்ததும் அங்கேதான்.

அடிமைகள் இருந்த இடத்தில் எந்திரம் வராது என்றேன். தெற்கு பிரான்சில், ஆர்ல் நகருக்கு அருகே பார்பெகால் என்ற இடம். ரோமப் பேரரசு உச்சத்தில் இருந்த கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ஒரு மலைச்சரிவில் எட்டெட்டாக இரண்டு வரிசையில் 16 தண்ணீர்ச் சக்கரங்களை வைத்து மாவு அரைத்தார்கள். ஒரு மதிப்பீட்டின்படி நாளொன்றுக்கு நாலரை டன் மாவு. மரச்சக்கரங்கள் மக்கிப்போய்விட்டாலும், அவற்றின் மேல் படிந்த சுண்ணாம்புப் படிவங்களில் மரத்தின் அச்சு இன்னும் தெரிகிறது. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில் மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டி ஒன்றில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் வாள் செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகப் போய், தண்டுகள் மூலம் முன்னும் பின்னும் போகும் அசைவாகி, இரண்டு கற்களை ஒரே நேரத்தில் அறுக்கிறது. அம்மியானோஸ் என்ற கைவினைஞரின் பெட்டி அது. சக்கர வேலையில் அவர் வல்லவர் என்று கிரேக்க எழுத்தில் பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். உழைப்பை எல்லோரும் இழிவாக நினைத்த சமூகமாக இருந்தால், ஒரு மனிதர் தன் எந்திரத்தைத் தன் கல்லறையில் செதுக்கச் சொல்லியிருக்க மாட்டார். இந்தக் கல்லறைச் செதுக்கலைப் பற்றிய ஆய்வு வெளிவந்த 2007ஆம் ஆண்டை ஒட்டியே இதைப் படித்துவிட்டேன். ஒரு மேடையிலும் சொல்லவில்லை. சொன்னால் கதை உடையும்.

ரோமச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் கதையையும் திரித்தேன். கனமான தூண்களைக் குறைந்த செலவில் கேப்பிடல் குன்றுக்கு ஏற்ற வழி சொன்ன ஒரு பொறியாளரைச் சக்கரவர்த்தி மறுத்துவிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லி, “பார்த்தீர்களா, அடிமைகள் இருந்ததால் எந்திரம் வேண்டாம் என்றார்” என்பேன். மூலத்தில் இருப்பது வேறு. வெஸ்பாசியன் அந்தப் பொறியாளருக்கு நல்ல வெகுமதி கொடுத்தார். ஏழை ஜனங்களுக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது, ஆகவே இது வேண்டாம் என்றார். அவர் கவலைப்பட்டது கூலி வேலை செய்து பிழைக்கும் சுதந்திரமான ஏழைகளைப் பற்றி. என் வாதத்துக்கு எதிரான சாட்சியை எனக்கு ஆதரவாகப் பேசவைத்தேன்.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. எந்திரமும் அடிமைமுறையும் ஒன்றையொன்று விரட்டும் பகைவர்கள் அல்ல. 1793இல் எலி விட்னி பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் எந்திரத்தைச் செய்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளின் பசிக்கு அமெரிக்கத் தெற்கின் பருத்தி ஓடியது. 1790இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. எந்திரம் அடிமைச் சங்கிலியை அறுக்கும் என்று நான் மேடைகளில் விதைத்த நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு முழுப் பதில். தொழிற்புரட்சி பிறந்ததே அடிமைகள் பறித்த பருத்தியையும் சேர்த்துத்தான். இதையும் நான் அறிந்தே விட்டேன்.

ஏன் செய்தேன்? இதை நேர்மையாகச் சொல்வதுதான் கடினமாக இருக்கிறது.

புகழ் ஒரு காரணம். அதை மறுக்கப் போவதில்லை. அதற்கும் அடியில் இருந்தது நல்ல நோக்கம் என்ற போர்வை. கையால் செய்யும் வேலையை மதிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். உழைப்பை இழிவாக நினைத்தால் சமூகம் அழியும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். சொல்லும் நீதி நல்லதாக இருக்கும்போது விவரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்குள்தான் என் நேர்மை கரைந்தது.

ஆனால் என் பேச்சையே திரும்பக் கேட்டுப் பார்த்தால், அதில் கையால் வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை. ஹெரோன் சிந்தித்தார், டெசிபியஸ் சிந்தித்தார், ஆர்க்கிமிடீஸ் சிந்தித்தார் என்றுதான் போகும். உழைப்பாளர்கள் ‘அடிமைகள்’ என்ற ஒற்றைச் சொல்லாக, கண்டுபிடிப்புக்குத் தடையாக மட்டும் வருவார்கள். ரோமர் காலத்தில் ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கத்தில் எட்டு ஜோடிச் சக்கரங்கள் படிப்படியாகத் தண்ணீரை ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றின. இருட்டுக்குள் அவற்றை மிதித்துச் சுழற்றியவர்கள் மனிதர்கள். ஏதென்ஸின் லாரியன் வெள்ளிச் சுரங்கத்துக்கு நிக்கியாஸ் என்ற பிரபு 1,000 அடிமைகளை, தலைக்கு நாளுக்கு ஓர் ஓபோல் வாடகைக்கு விட்டதாகக் கிரேக்க எழுத்தாளர் ஸெனோஃபோன் எழுதுகிறார். அந்த வாடகைக்குள் அடங்கிய வாழ்க்கை எதையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாடு, ரயில் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டு தாமதமானதற்கான காரணமாக மட்டுமே என் கதையில் இடம்பெற்றது. அடிமைமுறை கொடியது என்று நிரூபிக்க அது எந்திரத்தைத் தடுத்திருக்க வேண்டியதில்லை. அது மனிதரை விற்றது, அந்த ஒன்றே போதும். உழைப்பை மதிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உழைத்தவர்களை ஒரு வாதத்துக்கான பகடைக்காயாக்கினேன்.

கிரேக்கர்களையும் அவமதித்தேன். ஆன்டிகிதெரா கருவியின் பற்சக்கரங்கள் மெல்லிய வெண்கலத் தகட்டில் கையால் அரம் போட்டு வெட்டியவை. ஒரு பாரத்தையும் இழுக்கச் செய்தவை அல்ல. அவற்றில் ஒரு சக்கரத்துக்கு 223 பற்கள். கிரகணங்கள் திரும்ப வரும் சுழற்சியில் உள்ள 223 சந்திர மாதங்களுக்கு அது கணக்கு. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதைக்கூட, ஒரு சிறு முளையும் பிளவும் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வானத்தை ஒரு சிறு பெட்டிக்குள் கொண்டுவர நினைத்தவர்கள், நினைத்ததைச் செய்து முடித்தார்கள். அதை நான் ‘ரயில் எந்திரம் ஆகாமல் போன தோல்வி’ என்று பேசினேன். ஒரு நாகரிகம் தனக்கு வேண்டியதைச் செய்ததை, நமக்கு வேண்டியதைச் செய்யவில்லை என்று குறை சொன்னேன்.

ஆகவே கேள்விக்கு என் பதிலை இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். பண்டைய கிரேக்கத் தொழில்நுட்பத்திலிருந்து தொழிற்புரட்சி முன்கூட்டியே பிறந்திருக்குமா? அவர்களிடம் இருந்தவற்றைக் கொண்டு பிறந்திருக்காது என்றே சான்றுகள் காட்டுகின்றன. காற்றின் எடை பற்றிய அறிவு, வீணாக்கினாலும் கட்டுப்படியாகும் எரிபொருள், அந்த எரிபொருளைத் தோண்டும்போதே எழும் நீர்ப் பிரச்சினை, பெரிய சந்தை, வார்ப்பிரும்பு, தலைமுறை தலைமுறையாகத் தேறிய பட்டறைகள் என்று எல்லாம் ஓரிடத்தில் கூடிவர வேண்டியிருந்தது. ஒரு தலைக்குள் உதித்த ஒரு யோசனை அதைச் செய்துவிடாது. ஒரு எதிரி அதைக் கொன்றுவிடவும் முடியாது. நீர்விசையில் அவர்களும் ரோமரும் போட்ட அடித்தளம் அழியாமல் நடுக்கால ஐரோப்பாவின் ஆலைகள்வரை வந்து சேர்ந்தது. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு.

என் பேச்சைக் கேட்டு வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என் கட்டுரையை வைத்துப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கட்டுரைகளை மறுபடி அச்சிட வேண்டாம் என்று வெளியிட்டவர்களுக்கு எழுதிவிட்டேன். யாராவது இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால், என் பெயரைச் சொல்லியே திருத்தலாம். “அவரே தப்பென்று ஒப்புக்கொண்டுவிட்டார்” என்று சொல்லுங்கள். எந்தக் கருவியைக் காட்டினாலும், சுழல்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அதன் கழுத்தில் ஒரு பாரத்தைக் கட்டி என்ன ஆகிறது என்று பிள்ளைகள் முன்னாலேயே பாருங்கள். நின்றுபோனால் நின்றுபோகட்டும். ஏன் நின்றது என்று விளக்குவதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. அதை நான் செய்யவில்லை.